பரஸ்தானம் வச்ச பை

அவ கெடக்கறா விடு மஞ்சு, மாடி வீட்டுக்காரி சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்கிட்டா நம்ம வீட்டு உலை கொதிக்காது. நான் துபாய்க்குப் போகப் பயந்துகிட்டு சாக்கு சொல்றேன்னு சொன்னாளாமே உங்கிட்ட, ஏரோப்ளேன்னா எனக்கு நடுக்கமாம். நானா நடுங்கறவ. கல்யாணமான புதுசுல அல்சூர் ஏரிக்கு அந்தாண்ட ஒரு பங்களாவுல பாத்திரம் தேய்க்கப் போவேன், சுடுகாட்டை ஒட்டினாப்ல வழி, கூட வர்றவளுங்க எல்லாம் வேப்பிலையை இடுப்புல சொருகிக்கிட்டு வருவாளுங்க, நான் பொரிகடலை மென்னுகிட்டுப் போவேன். பேய், காத்து, கருப்பு, எதையும் நான் நம்பினவ இல்ல. எங்க வீட்டுக்காரரு செத்தப்போ காரியத்தன்னைக்கு காக்கா வந்து சோத்தைத் தொடலைன்னு எல்லாரும் ஒப்பாரி வைக்கறாங்க, நான் சொன்னேன், அந்த மனுசன் உசுரோட இருக்கறப்பவே கூப்பிட்ட நேரத்துக்கு சாப்பிட வந்தது கெடையாது, இன்னைக்கு மட்டும் வந்துடுவாரா, எலையை எடுங்கன்னு.

அப்பேர்ப்பட்டவதான் இப்ப சொல்றேன். நம்பினா நம்பு, நம்பாட்டி உன் இஷ்டம், அந்தக் கொத்தமல்லியை ஆய்ஞ்சுகிட்டே கேளு. வேரோட போடாத, வேரை அந்தாண்ட போடு.

எம் பையன் குமாரு சாயந்திரம் பேக்டரி விட்டு வந்ததும் கேப்பான், டிக்கெட் போடவா வேணாமா, இன்னைக்கு சொல்லும்மான்னு. எம் பொண்ணு செல்வி அங்கேர்ந்து விசா அனுப்பிட்டா. எல்லாம் கைக்கு வந்துடுச்சு. முன்ன ஒருக்கா இதே மாதிரி கெளம்பி, எல்லாம் கைக்கு வராம, பட்ட பேஜாரு இருக்கு பாரு, அதைச் சொன்னாதான் நான் இப்ப ஏன் முழிக்கறேன்னு உனக்குப் புரியும். நீ இந்த லைன் வீட்டுக்குக் குடி வர்றதுக்கு முன்னால நடந்தது. பாலத்துக்கு அந்தாண்ட அப்ப இவ்ளோ வீடு கெடையாது.

செல்விக்கு மொத தடவை நின்னது ஆரம்பத்துலயே கலைஞ்சு போச்சு. மறுபடி நின்னப்போ அங்க டாக்டரம்மா, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, ஏரோப்ளேன் ஏறினா கொழந்தை தங்காதுன்னுட்டாங்களாம். மாமியார் இல்லாத வீடு. மாப்பிள்ளை ஒரு ஓட்டல்ல ஸ்டோர் பாக்கறவரு, காலைல போனா ராத்திரிதான் வருவாரு. அவளுக்கு ஒரு வாய் வெந்நீர் வச்சுக் குடுக்க நாதி இல்ல. மொதப் பிரசவம் தாய் வீட்டுலதானே பாக்கணும். அவ வர முடியாதுன்னா தாய் வீடுதானே எழுந்து போவணும். அதான் நான் கெளம்பினேன்.

கெளம்பினேன்னு வாயால சொல்லிட்டேன். எத்தினி நாள் திட்டம் போட்டோம் தெரியுமா. குமாரு யார்கிட்டயோ ஒரு படப் புஸ்தகம் வாங்கிட்டு வந்து அந்த ஊரைக் காட்டினான். எனக்குப் படிக்கத் தெரியாது, படம் பாக்கத் தெரியுமில்ல. ஒரு பக்கம் பாத்தா கண்ணாடிக் கட்டடம், நிமிந்து பாத்தா கழுத்து ஒடிஞ்சிடும் போல. அதே ஊர்ல இன்னொரு பக்கம் மண்ணு கலர்ல பழைய வீடுங்க, சந்து சந்தா, நம்ம பழைய சிவாஜி நகர் மாதிரி நெருக்கம். அந்த வீட்டு மேல சதுரமா ஒரு கோபுரம், போற காத்தைப் புடிச்சு கீழ ரூமுக்குள்ள எறக்குமாம், ஃபேன் இல்லாத காலத்துல கட்டினதாம். மழை பேஞ்சா உள்ள ஒழுகாதாடான்னேன். அங்க மழையே வராதும்மாங்கறான். மழையே வராத ஊர்ல ரெண்டு பொம்பளைங்க பாத்துக்கிட்டா எதை வச்சு பேச்சை ஆரம்பிப்பாங்கன்னு எனக்கு அப்பவே ஒரு கவலை.

செல்வி இருந்தது அந்தப் பழைய பக்கம். ஊருக்கு நடுவால உப்புத்தண்ணி ஓடை ஒண்ணு போவுதாம், இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு மரப்படகு. நான் முடிவே பண்ணிட்டேன், தீட்டு கழிஞ்சதும் கொழந்தையை ஒரு கையில புடிச்சுக்கிட்டு அந்தப் படகுல ஏறணும், அந்தக் காத்துக் கோபுரத்துக்கு அடியில நின்னு தலையைக் காய வைக்கணும், கடைசியா தங்கக் கடைத்தெருவுல சும்மா ஒரு நடை நடக்கணும், வாங்கறது கெடையாது, பாக்கறது. நம்ம லைன் பூரா அவங்கவங்க சாமான் சொல்லிட்டாங்க. ஒருத்திக்கு சென்ட்டு, ஒருத்திக்கு தைலம், எதிர் வீட்டுக்காரருக்கு டேப் ரிக்கார்டரு. நான் பிரசவம் பாக்கப் போறேனா மார்க்கெட்டுக்குப் போறேனான்னு எனக்கே மறந்து போச்சு.

மொதல்ல பாஸ்போர்ட்டுக்கு போட்டோ. ஸ்டுடியோக்காரன் வாயை மூடுங்கம்மா வாயை மூடுங்கம்மாங்கறான், நான் எந்த ஊருப்பா நீன்னு கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே கிளிக்குன்னுட்டான். எடுத்த படத்துல எல்லாம் வாய் தொறந்தே இருக்குது. ஆபீஸ்ல இது செல்லாதுன்னாங்க. மறுபடி போயி மூச்சை அடக்கிக்கிட்டு எடுத்தேன், அதைப் பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருந்துச்சு. இன்னா சிரிக்கற, பொட்டியில இருக்குது, அப்புறம் காட்டறேன்.

கைநாட்டு வச்சுப் பாஸ்போர்ட்டும் வந்துச்சு. வந்தப்புறம் சொல்றான் டிராவல்ஸ்காரன், படிக்காதவங்க அந்தப் பக்கம் போவணும்னா தனியா ஒரு முத்திரை வாங்கணுமாம். படிச்சவனுக்கு வேணாம், எனக்கு வேணுமாம். ஏம்ப்பா, நான் அங்க போயி எந்த ஆபீஸ்ல உக்காரப் போறேன், புள்ளைக்கு சாம்பிராணி காட்டப் போறேன்னேன். இந்தா நாளைக்கு ஆயிடும்மா, இந்தா நாளன்னைக்கின்னு அவன் இழுத்தான் பாரு, என் செருப்பு தேஞ்சுது. ஆனா டிக்கெட்டுக்கு மட்டும் நாள் குறிச்சுட்டான்.

அந்த நாள் பாத்தா அஷ்டமி. ஜோசியரு தலையில அடிச்சுக்கிட்டாரு. புள்ளத்தாச்சி வீட்டுக்கு அஷ்டமியிலயா கெளம்புவாங்க, அதுக்கு முன்னால ஒரு நல்ல நேரம் இருக்கு, அந்த நேரத்துல பையை மட்டும் பரஸ்தானம் வச்சுடுங்கன்னாரு. உங்க ஜனங்கள்லயும் இருக்கும்ல மஞ்சு? தெரியாதா. நல்ல நேரத்துல நம்ம பையைக் கொண்டு போயி போற திசையில இருக்கற இன்னொரு வீட்டுல வச்சுடணும். வச்சுட்டா நாம கெளம்பியாச்சுன்னு கணக்கு. அப்புறம் ஒடம்பு எப்ப வேணா போயிக்கலாம், பயணம் அந்தப் பையோடவே தொடங்கிடும். ஒண்ணே ஒண்ணு, பை வெளிய போனப்புறம் போகாம இருக்கக் கூடாது. ஒருவேளை போக முடியலைன்னா, வீட்டு ஆளு ஒருத்தர் வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டு, தேங்கா ஒடைச்சு, மொறையா பையை உள்ள அழைச்சுக்கணும். ஜோசியரு சொன்னதைத்தான் சொல்றேன். நான் அப்ப பாதி காதுல வாங்கினேன். நம்பிக்கை இருந்தாதானே முழு காது.

துபாய் மேக்கால இருக்குதாம், நமக்கு மேக்கால வீடு ஜைத்தூன் வீடு. இப்ப அவ மகன்கூட ஃப்ரேசர் டவுன் போயிட்டா. நானும் அவளும் ஒண்ணா பீடி சுத்தினவங்க. ரெக்ஸின் பை ஒண்ணு, அதுல பிரசவ லேகியம், சுக்கு, கருப்பட்டி, வேட்டியைக் கிழிச்ச கொழந்தைத் துணி, அப்புறம் என்னோட பழைய வெள்ளைப் பருத்திச் சேலை ஒண்ணு, பெத்தவளுக்கு வயித்துல இறுக்கிக் கட்டறதுக்கு. நல்ல நேரத்துல தூக்கிக்கிட்டுப் போயி அவ கையில குடுத்தேன். அவ சிரிக்கறா. "அரே கன்னியம்மா, நான் பொறந்ததுல இருந்து இந்தக் கண்டோன்மென்ட்டைத் தாண்டல, எம் பீரோ மேல இருந்து உம் பை துபாய் போவுதா"ன்னா. "சும்னே இரு, பீரோ மேல வையி, எலி பாத்துக்கோ, கருப்பட்டி இருக்குது"ன்னேன்.

அவ்ளோதான். நான் கெளம்பியாச்சு, கணக்குப்படி.

அந்த டிராவல்ஸ்காரன் இருக்கானே, அவன் சாயந்திரம் வந்து நிக்கறான், முத்திரை ஆகலம்மா, டிக்கெட்டு கேன்சல், அடுத்த மாசம் பாக்கலாம்னு. அடுத்த மாசம் யாருக்குடா பிரசவம், உனக்கான்னேன். குமாரு என்னை உள்ள இழுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அதுக்கு மறுநாளே பாஷா கடைக்கு போன் வந்துச்சு, அப்ப லைனுக்கே அந்த ஒரு போன்தான். மாப்பிள்ளை பேசறாரு. நாள் இருக்கறப்பவே வலி வந்து பொம்பளைப் புள்ளை பொறந்துடுச்சு, ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கும் அனுப்பிட்டாங்க, ஆனா செல்விக்கு ஜொரம், பால் கட்டிக்கிட்டிருக்கு, புள்ளை வாய் வைக்க மாட்டேங்குது, ரெண்டும் அழுதுகிட்டே இருக்குது அத்தைன்னாரு. அவரு கொரலும் அழுவுற மாதிரிதான் இருந்துச்சு. லீவு இல்லையாம்.

நான் கடை வாசல்லயே உக்காந்துட்டேன். எங்கயாச்சும் அடுத்த தெருன்னா ஓடிடுவேன். ஓசூரு, அத்திபெலேன்னா பஸ்ஸைப் புடிச்சுப் போயிடுவேன். கடலுக்கு அந்தாண்ட. ஒரு முத்திரைக்காக.

ஜோசியரு பொண்டாட்டி வந்து, போகலைன்னா பையை மொறையா அழைச்சுக்கோங்கன்னு சொன்னா. எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம். பையை உள்ள எடுத்தா பயணம் முடிஞ்சு போச்சுன்னு நானே ஒத்துக்கிட்டாப்ல ஆவும், எம் பை அங்கயேதான் இருக்கும், நான் கெளம்பினவ கெளம்பினவதான்னு கத்திட்டேன். போயி டிரங்குப் பொட்டியைத் தொறந்தேன். பயணத்துக்குக் கட்டிக்கன்னு குமாரு ஒரு கத்திரிப்பூ கலர் சேலை எடுத்துக் குடுத்திருந்தான், அன்னைக்கு வரைக்கும் மடிப்பைக் கூடப் பிரிக்கல, செல்விக்கு அப்படி ஒரு சேலை இருக்கறதே தெரியாது. இனிமே இத்தை எங்க கட்டப் போறேன்னு எடுத்துச் சுத்திக்கிட்டு, மத்தியானம் சோறு கூடத் துன்னாம, வெறுந்தரையில படுத்துட்டேன்.

இங்கதான் நீ கொஞ்சம் கவனிக்கணும் மஞ்சு.

எனக்கு மத்தியானத் தூக்கம் வராது. ஒடம்பு வாகு அப்படி. அன்னைக்குப் படுத்தவ கனவு கினவு ஒண்ணும் இல்லாம, கெணத்துல கல்லு போட்டாப்ல போயிட்டேன். குமாரு ஷிப்ட் முடிஞ்சு வந்து எழுப்பறான், கன்னத்துல தட்டறான், தண்ணி தெளிக்கறான், எழுந்திருக்கலையாம். மூச்சு மட்டும் ஓடுது. கை ரெண்டும் சில்லுனு இருந்துச்சாம். டாக்டரைக் கூப்பிடலாம்னு சட்டையை மாட்டறான், விளக்கு வைக்கற நேரத்துல நானா எழுந்து உக்காந்து, என்னடா சட்டை எல்லாம் போட்டுக்கிட்டு, எங்க கெளம்பறேன்னேனாம். எனக்கு ஒடம்பெல்லாம் அசதி, முழங்கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ரொம்ப நேரம் காலை நீட்டி உக்காந்து கொழந்தை குளிப்பாட்டினாப்ல. பசியோட படுத்தது, வாயுன்னு நெனச்சுக்கிட்டேன்.

அந்நேரத்துக்கு ஜைத்தூன் வாசல்ல வந்து நிக்கறா. "கன்னியம்மா, பையை எடுத்துக்கிட்டுப் போறதுன்னா சொல்லிட்டு எடுக்கக் கூடாதா, நான் மத்தியானம் பீரோ மேல பையைக் காணாம பதறிப் போயிட்டேன்"ங்கறா. நான் எடுக்கலையேன்னேன். "எடுக்கலைன்னா அப்புறம் எப்படி திரும்பி வந்துச்சு, இப்ப மறுபடி பீரோ மேல இருக்குது, நீதானே கொண்டாந்து வச்சே"ங்கறா. "ஜைத்தூன், உனக்குக் கண்ணு செக் பண்ணணும்"ன்னேன். "உனக்குப் புத்தி செக் பண்ணணும்"னு அவ போயிட்டா. ரெண்டு பேரும் கோவமாத்தான் பிரிஞ்சோம்.

மறுநா காலையில பாஷா கடையில இருந்து கூப்பிடறாங்க, துபாய் போனுன்னு. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு பயம். ஓடிப் போயி எடுத்தா செல்வி. மொத வார்த்தை இன்னா கேட்டா தெரியுமா.

"ஏம்மா, சொல்லாம கொள்ளாம கெளம்பிட்டீங்களே, ஒரு ராத்திரி இருந்துட்டுப் போகக் கூடாதா"ன்னா.

நான் யாரோ ராங் நம்பர்னு நெனச்சேன், ஆனா கொரலு எம் பொண்ணுதுதான். எங்கடி கெளம்பினேன்னேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா. "வெளையாடாதீங்கம்மா. வந்தீங்க, எனக்கு எண்ணெ தேச்சு வெந்நீர் ஊத்தினீங்க, வயித்தைக் கட்டினீங்க, பாப்பாவைக் கால்மேல போட்டுக் குளிப்பாட்டி எங்கிட்ட குடுத்தீங்க, அப்பதான் அது மொத தடவையா வாய் வச்சுப் பால் குடிச்சுது. ஜொரம் விட்டுப் போச்சும்மா. நான் அசந்து தூங்கிட்டேன். நீங்க உள் ரூமுக்குப் போயி படுத்தீங்கன்னு நெனச்சேன், எழுந்து பாத்தா காணோம். கத்திரிப்பூ கலர்ல சேலை கட்டி எவ்ளோ அழகா இருந்தீங்க. ஆனா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசலையே, எம்மேல என்ன கோவம்"னா.

கையில போன் புடிச்சுக்கிட்டு நான் நிக்கறேன், அதே சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்.

குமாரு பக்கத்துல காதை வச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தான். போனை வச்சதும் சொல்றான், "வந்தவங்க பேசவே இல்லையா, அப்ப அது நிச்சயமா நம்ம அம்மா இல்ல"ன்னு. கடையில இருந்தவன் எல்லாம் சிரிச்சான். எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அந்த போன்லயே மாப்பிள்ளையும் சொன்னாரு ஜொரத்துல ஒளறியிருக்கா, பக்கத்து ரூம் லில்லிதான் குளிப்பாட்டியிருப்பான்னு. அந்த லில்லி மலையாளத்துப் பொண்ணு, நர்ஸு வேலை, அது மாதா மேல சத்தியம் பண்ணுதாம், நான் தொடவே இல்ல, அவங்கம்மா வந்தாங்க, கையில பை இருந்துச்சு, நான் டீ போட்டுக் குடுத்தேன், சிரிச்சாங்க, ஆனா டீ அப்படியே ஆறிப் போயிருந்துச்சுன்னு. மாடிப்படி வாசல்லயே அது மத்தியானத்துல இருந்து சாயந்திரம் வரைக்கும் உக்காந்து காய் அரிஞ்சுகிட்டு இருந்துச்சாம். ஏறி வந்ததைப் பாத்தேன், எறங்கிப் போனதைப் பாக்கலைன்னுச்சாம்.

நேரா ஜைத்தூன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேருமா பையை எறக்கி ஜிப்பைத் தொறந்தோம். லேகியம் இருக்குது, சுக்கு இருக்குது, கருப்பட்டியில எறும்பு கூட இல்ல. அந்த வெள்ளைச் சேலையை எடுத்தேன். நான் இஸ்திரி போட்டாப்ல மடிச்சு வச்ச சேலை, கசங்கி, முடிச்சுப் போட்ட எடத்துல துணி முறுக்கிக்கிட்டு இருக்குது, ஒரு நாள் பூரா இறுக்கிக் கட்டி அவுத்த துணி எப்படி இருக்கும், அப்படி. ஜைத்தூன் அதை வாங்கி மோந்து பாத்தா. எம் மூஞ்சிய பாத்தா. "பால் வாசனை கன்னியம்மா"ன்னா. நானும் மோந்தேன். பச்சக் கொழந்தை வாசனை, ஒனக்குத் தெரியும்ல, நீயும் பெத்தவதானே. அது வேற எதுக்கும் வராது.

பையை அப்படியே வாரிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பேரு சொல்லிக் கூப்பிடறதும் இல்ல, தேங்காயும் இல்ல. அந்த நேரத்துல அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்.

புள்ளை பொழைச்சுது, பொண்ணு பொழைச்சுது, எனக்கு அது போதும். ஆனா எரிச்சல் இன்னான்னா மஞ்சு, ஊரே நான் துபாய் போயிட்டு வந்தேன்னு சொல்லுது, எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியல. படகு ஏறினேனா, கோபுரத்துக் காத்து பட்டுச்சா, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை அண்ணாந்து பாத்தேனா, ஒண்ணும் கெடையாது. ஒரு ஊருக்குப் போயிட்டு வந்து அதைப் பத்தி நாலு பேருகிட்ட சொல்ல ஒரு பேச்சு இல்லைன்னா அது எனக்கு இன்னா பயணம். எதிர் வீட்டுக்காரரு டேப் ரிக்கார்டரு எங்கன்னு கேட்டாரு, அந்த மனுசனுக்கு வேற கவலையே இல்ல.

அப்புறம் முத்திரையும் ஆகல, மாப்பிள்ளைக்கு வேலை மாறிச்சு, சம்பளம் பத்தலைன்னு விசா குடுக்கல, ஒண்ணு சரியானா ஒண்ணு கோணும். நடுவுல செல்வி ஒருக்கா வந்துட்டுப் போனா, பாப்பா கைக்கொழந்தை, பவித்ரான்னு பேரு. மடியில வச்சுக்கிட்டேன், என்னை உத்து உத்துப் பாத்துச்சு, தெரிஞ்சவங்களைப் பாக்கறாப்ல, வேத்து மொகம் தெரியுற வயசு, எல்லாரையும் பாத்து அழுவுது, எங்கிட்ட மட்டும் அழல. எனக்கு அது பெருமையா இருந்துச்சு. நீ என்னா நெனப்பியோ.

இப்ப அது யூகேஜி படிக்குது. மாப்பிள்ளைக்கு சம்பளம் ஏறி, அதே பழைய வீட்டுல பக்கத்து ரூமையும் சேத்து எடுத்துட்டாங்க. செல்விக்கு மறுபடி நின்னிருக்குது. மறுபடி டாக்டரு படுக்கச் சொல்லிட்டாங்க. இந்த தடவை விசா, முத்திரை, எல்லாம் கேக்காமலே வந்து நிக்குது. அம்மா, இந்தத் தடவை நெஜமா வாங்கம்மா, பேசிக்கிட்டு இருங்க, எனக்கு அது போதும்ங்கறா. பெத்தவ வேற இன்னா கேக்க முடியும், இந்த வாய்க்கு ஒருத்தி ஆசைப்படறா பாரு. ஓடியிருப்பேன். குமாரு கேட்ட அன்னைக்கே சரின்னு சொல்லியிருப்பேன்.

போன ஞாயித்துக்கெழமை போன் வந்துச்சு. இப்பதான் வீட்டுலயே போன் இருக்கே. பவி எடுத்து, "பாட்டி நீங்க நெஜமா வரீங்களா"ன்னு கேக்குது. வரேண்டி கண்ணுன்னேன்.

"அப்ப அந்தப் பாட்டி எங்க படுப்பாங்க"ன்னுச்சு.

எந்தப் பாட்டிடின்னேன். "உள் ரூம்ல இருக்காங்களே"ங்குது, பால்காரரு வாசல்ல இருக்காருன்னு சொன்னாப்ல, அவ்ளோ சாதாரணமா. சின்னப் புள்ளை, அதுங்க ஆயிரம் சொல்லும், பொம்மைக்கு சோறு ஊட்டுதுங்க, இல்லாத ஆளுக்கு டீ போடுதுங்க. நானும் வெளையாட்டா, நீயே போயி அவங்களைக் கேட்டுட்டு வாடின்னுட்டேன். என் வாய் இருக்கே. போனை டக்குன்னு வச்சுட்டு ஓடிச்சு. கால் சத்தம் கேக்குது. கதவு தொறக்கற சத்தம். பவி தூரமா யார்கிட்டயோ இன்னாவோ கேக்குது. அப்புறம் ஒண்ணும் இல்ல. மூச்சைப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறேன், நம்ம தெருவுல கூட அன்னைக்குன்னு ஒரு வண்டி சத்தம் இல்ல. திரும்ப ஓடியாந்து, மூச்சு வாங்கிக்கிட்டு சொல்லுது.

"பாட்டி, அவங்க ஒண்ணும் சொல்லல. எழுந்து துணியெல்லாம் மடிச்சுப் பையில வைக்கறாங்க."

அதுக்குள்ள செல்வி போனைப் புடுங்கி, யார்கிட்டடி இவ்ளோ நேரம், பில்லு ஏறுதுன்னு அதட்டிட்டு எங்கிட்ட பேசறா, உள் ரூமா, அங்க ஒரு கட்டில் இருக்கும்மா, யாரும் படுக்கறது இல்ல, சாமான் வச்சிருக்கோம், ஏன் கேக்கறீங்கன்னு. ஒண்ணும் இல்லடின்னுட்டேன். மசக்கைக்காரி, அவகிட்ட போயி இன்னாத்தை சொல்றது.

அன்னையில இருந்து எனக்கு ஒரே ரோசனை மஞ்சு, அன்னைக்குப் பையை மட்டும் வாரிக்கிட்டு வந்துட்டேனே, போனவளை யாரும் மொறையா பேரு சொல்லி உள்ள அழைக்கலையேன்னு. நான் அங்க போறதுக்குப் பயப்படல. மாடி வீட்டுக்காரி நெனைக்கறது தப்பு. அங்க இருக்கறவ எம் பொண்ணுக்கு நல்லதுதானே செஞ்சா, புள்ளைக்கு இத்தினி வருசமா தொணையா படுத்திருக்கா, ஒரு கெடுதல் இல்ல. ஆனா துணி மடிக்கறவ எங்கயோ கெளம்பறான்னுதானே அர்த்தம். நான் அந்த வாசப்படியில கால் வைக்கற அன்னைக்கு அவ எங்க போவா சொல்லு. அவளுக்கு வேற எந்த வீடு தெரியும்.

குமாருகிட்ட சொல்ல முடியுமா. சிரிப்பான். சிரிச்சா கூடப் பரவால்ல, நான் ஊருக்குப் போயிட்டப்புறம் ஒரு நாள் அவன் வேலை விட்டு வந்து கதவைத் தொறந்தா, உள்ள ஒரு அம்மா பேசாம உக்காந்து சோறு போட்டு வச்சிருந்தா, அப்பாடா, வீடு இப்பதான் நிம்மதியா இருக்குதுன்னு அவன் பாட்டுக்கு உக்காந்து துன்னுட்டுப் போயிடுவான். அவன் அப்படிப்பட்ட ஆளு. அப்புறம் நான் திரும்பி வந்தா எனக்கு எங்க எடம்.

இருந்தாலும் போகத்தான் போறேன். அந்தப் பொண்ணு கேட்டுடுச்சு, பேசறதுக்கு ஆளு வேணும்னு. சாயந்திரம் குமாரு வந்ததும் டிக்கெட்டு போடுடான்னு சொல்லிடறேன், மனசு திடமாயிடுச்சு, உங்கிட்ட சொல்லிட்டனா, எல்லாம் எறங்கிடுச்சு. பையை இந்த தடவை எங்கயும் வைக்க மாட்டேன், கையிலயே புடிச்சுக்கிட்டுப் போவேன். ஆனா நீ எனக்கு ஒண்ணு செய்யணும் மஞ்சு. குமாருகிட்ட சொல்லாத, வேற யாருகிட்டயும் சொல்லாத. நான் கெளம்பினப்புறம், எப்பவாச்சும் இந்த வாசல்ல என்னை மாதிரியே யாராச்சும் உக்காந்துகிட்டு இருந்தா, அவளா பேச மாட்டா, நீதான் கிட்ட போயி பேச்சுக் குடுக்கணும், நீ என்னை எப்பவும் கூப்பிடறாப்ல கன்னியம்மாஜ்ஜின்னு பேரு சொல்லியே கூப்பிடு, அவ திரும்பிப் பாத்தான்னு வச்சுக்கோ, நீ ஒடனே அவளை...

குழாயில தண்ணி விட்டுட்டான் மஞ்சு, சத்தம் கேக்குது பாரு. எழுந்திரு, கொத்தமல்லி கெடக்கட்டும், கொடத்தை எடு. ரெண்டு நாளா வராத தண்ணி, இப்ப விட்டா அரை மணிகூட நிக்காது. அந்த பச்சைக் கொடத்தையும் எடுத்துக்கோ, ஓடு.